முகவரி எழுதிய துகளும் எழுதாத துகளும்

கோலகங்சாரில் நில அலுவலகத்தை ஒட்டி ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்பது கன்றுகளைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ அந்த ஊரில் நட்டார். அந்தத் தலைமுறையில் எஞ்சியது என்று இந்த மரத்தைப் போற்றுகிறார்கள். இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் பேச்சு உடனே கங்காணி, கப்பல், லயம், பிரட்டுக்களம் என்று ஓடிவிடும். ஓடுவதில் தவறில்லை. ஆனால் சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் பீடோரிலும் நம்மவர்கள் விடியற்காலை இருட்டில் மங்கு மங்காகச் சேர்த்த பாலுக்குள் என்ன இருந்தது என்று நாம் அதிகம் கேட்டதில்லை. இப்போது அந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கு மாறிவிட்டன. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்தப் பாலின் ஒரு துகளை எடுத்து, மனித இரத்தத்தில் ஓடும் இன்னொரு துகளின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். இரண்டாவது துகளை எல்லோருக்கும் தெரியும். ஈப்போவில் எந்தக் கிளினிக்கில் இரத்தம் கொடுத்தாலும் வரும் தாளில் எல்டிஎல் என்ற எழுத்துகளுக்கு நேரே அதன் அளவு இருக்கும். ‘கெட்ட கொழுப்பு’ என்று அதற்கு ஒரு கெட்ட பெயர். அந்தக் கெட்ட கொழுப்பின் முதுகில் கதிரியக்க அணுவை ஏற்றி, வேண்டிய உறுப்புக்கு அனுப்பி, வெளியிலிருந்து படம் பிடிக்க முடியும். ரப்பர் துகளால் அது ஆகாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி கட்டப்பட்டவை என்பதால்தான் இந்த வேறுபாடு எனக்குச் சுவையாக இருக்கிறது.

கட்டமைப்பை முதலில் பார்த்துவிடலாம். உளி கீறும்போது வடிவது மரத்தின் சாறு என்று நினைக்கிறோம். அது மரப்பட்டைக்குள் ஓடும் பால்குழாய்ச் செல்களின் உள்ளீடு. செல்லின் வயிற்றிலிருப்பதே வெளியே கொட்டுகிறது. அதில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரை ரப்பர், மிச்சத்தில் பெரும்பகுதி நீர். ரப்பர் நீரில் கரையாது. ஆகவே அது துகள் துகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளின் நடுவிலும் பாலிஐசோப்ரீன் சங்கிலிகள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றைச் சுற்றி பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகளாலான ஒற்றைப் படலம், அந்தப் படலத்தில் பொதிந்த புரதங்கள். பெரிய துகளின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர். சிறியவை அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

எல்டிஎல் துகளின் நடுவில் சுமார் 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள் இருக்கின்றன. அவையும் நீரில் கரையாதவை. அவற்றைச் சுற்றியும் பாஸ்போலிப்பிட்டின் ஒற்றைப் படலம்தான். உடலின் செல்களுக்கெல்லாம் இரட்டைப் படலம் இருக்க, இந்த இரண்டுக்கும் மட்டும் ஏன் ஒற்றை என்றால், உள்ளேயும் நீர் வெளியேயும் நீர் என்றிருக்கும் செல்லுக்கு நீரை விரும்பும் முகம் இரு பக்கமும் வேண்டும். உள்ளே எண்ணெய் இருக்கும் துகளுக்கு வெளிப்பக்கம் மட்டும் போதும். மரமும் மனிதனும் ஒரே சிக்கலுக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றன. அளவில்தான் பெரிய இடைவெளி: எல்டிஎல்லின் குறுக்களவு 22 நானோமீட்டர். ஒரு பெரிய ரப்பர் துகளின் கொள்ளளவுக்குள் தொண்ணூறாயிரம் எல்டிஎல் துகள்கள் அடங்கும்.

உறவு வடிவத்தோடு நிற்கவில்லை, பிறப்பிலும் இருக்கிறது. நம் கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கட்டும்போது அசெட்டேட்டில் தொடங்கி, மெவலோனேட் என்ற இடைநிலைப் பொருள் வழியாக, ஐந்து கார்பன் கொண்ட ஐசோபென்டினைல் பைரோபாஸ்பேட் என்ற செங்கல்லுக்கு வருகிறது. ஆறு செங்கற்களைச் சேர்த்தால் முப்பது கார்பன் கொண்ட ஸ்குவாலீன். அதை வளைத்து வளையங்களாக மூடி, மூன்று கார்பனைக் கழித்தால் கொலஸ்ட்ரால். பால்மரத்திலும் ஐசோபென்டினைல் பைரோபாஸ்பேட் வரைக்கும் இதே வழி. அதற்குப் பிறகு மரம் வளையம் கட்டுவதில்லை. செங்கல்லை ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் நீளவாக்கில் கோத்துக்கொண்டே போகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்க இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் இரவில் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரை தடுக்கும் நொதி ஒன்று உண்டு, எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ். அந்த நொதி ரப்பர்ப் பாலிலும் இருக்கிறது.

இந்த வழியைக் கண்டுபிடிக்க உதவியதே கதிரியக்கம்தான். கான்ராட் பிளாக்கும் அவர் சகாக்களும் அசெட்டேட்டில் அடையாளமிட்ட கார்பனை வைத்து, அது கொலஸ்ட்ராலின் எந்த மூலையில் போய் உட்காருகிறது என்று பின்தொடர்ந்தார்கள். மியூனிக்கில் ஃபியோடர் லைனன் அதே வழியின் வேறு படிகளைத் திறந்தார். இருவருக்கும் 1964இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்ட்ரால் ஆராய்ச்சியாளராகவே நினைவுகூரப்படும் லைனன், 1960இல் ஹென்னிங் என்பவரோடு சேர்ந்து இயற்கை ரப்பர் உருவாகும் வழியைப் பற்றியும் எழுதினார் என்பது நம் தோட்டப்புறத்தில் பேசப்பட வேண்டிய செய்தி. அடுத்த ஆண்டே ஆர்ச்சரும் அவர் குழுவினரும், கார்பன்-14 ஏற்றிய ஐசோபென்டினைல் பைரோபாஸ்பேட்டைப் பாலோடு கலந்து, அந்தக் கார்பன் ரப்பருக்குள் போய்ச் சேர்வதைக் காட்டினார்கள். அதாவது கதிரியக்க அணுவை ஏற்கெனவே இரண்டு துகளிலும் ஏற்றியாகிவிட்டது. ஆனால் ரப்பரில் ஏற்றியது அந்தத் துகள் எப்படிப் பிறக்கிறது என்று அறியவே. எல்டிஎல்லில் ஏற்றியதற்குப் பின்னாளில் வேறொரு நோக்கம் வந்தது. அந்தத் துகள் எங்கே போகிறது என்பதே அப்போது கேள்வியாயிற்று.

போகும் இடத்தைத் தீர்மானிப்பது வெளிப்புறப் புரதம். அதைப் புரிந்துகொள்ளப் பால் கொட்டகைக்குப் போவதே நல்ல வழி. கொண்டுவந்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டுகளில் ஊற்றி, பார்மிக் ஆசிட்டை அளந்து விடுவார்கள். சிறிது நேரத்தில் பால் உறையும். பிறகு உருளை, புகைவீடு, ஷீட். ஆசிட் என்ன செய்கிறது? ரப்பர் துகள்களின் மேலுள்ள புரதமும் பாஸ்போலிப்பிட்டும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிவிட்டபடி மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தைப் போக்கிவிட்டால் தள்ளும் விசை போய்விடும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மங்கிலேயே மறந்துபோன பால் கட்டிப்பால் ஆவதற்கும் காரணம் அமிலமே. அங்கே அதைத் தயாரிப்பது பாக்டீரியா. உறையாமல் நெடுநாள் வைத்திருக்க வேண்டுமானால் அமோனியா சேர்க்கிறார்கள்.

இதே வேலையை இரத்தத்தில் செய்யும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. பிறவியிலேயே எல்டிஎல் மிக அதிகமாக இருப்பவர்களுக்காக ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் 1980களில் உருவான ‘ஹெல்ப்’ முறை அது. நோயாளியின் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து, அதில் அமிலக் கரைசலையும் ஹெப்பரினையும் சேர்க்கிறார்கள். அமில அளவு 5.12க்கு வரும்போது எல்டிஎல் திரண்டு வீழ்படிவாகும். வடிகட்டி நீக்கிவிட்டு மிச்சத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்புவார்கள். பால் கொட்டகையில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ரப்பருக்கு அமிலம் மட்டும் போதும். எல்டிஎல்லுக்கு ஹெப்பரின் என்ற துணை தேவைப்படுகிறது. எதிர்மின்னூட்டம் நிறைந்த அந்தப் பொருள், எல்டிஎல் புரதத்தின் மேலிருக்கும் நேர்மின்னூட்டத் திட்டுகளைத் தேடிப் பிடிக்கிறது. அந்தத் திட்டுகள்தான் இந்தக் கதையின் மையம்.

எல்டிஎல்லைச் சுற்றியிருப்பது ஒரே ஒரு புரதம். அப்போபி-100 என்று பெயர், 4,536 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட கயிறு. அதில் லைசினும் ஆர்ஜினினும் செறிந்த ஒரு பகுதி நேர்மின்னூட்டத்தோடு நிற்கிறது. 1970களில் டல்லஸ் நகரத்தில் மைக்கேல் பிரவுனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டீனும் செல்களின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பியைக் கண்டார்கள். 1985இல் நோபல் பரிசு வந்தது. அப்போபி-யின் அந்த நேர்மின்னூட்டப் பகுதியைத்தான் ஏற்பி பிடிக்கிறது. பிடித்ததும் துகள் முழுதாகச் செல்லுக்குள் இழுக்கப்படும், லைசோசோம் என்ற செரிமானப் பைக்குள் உடைக்கப்படும். கடிதத்தின் உறையில் முகவரி எழுதியிருப்பதுபோல எல்டிஎல்லின் புரதத்தில் அது போக வேண்டிய வீடு குறிக்கப்பட்டிருக்கிறது. ரப்பர் துகளின் மேல் அப்படி எதுவும் இல்லை. மரத்துக்குள் அது பயணம் போவதே இல்லை, செய்யப்பட்ட குழாயிலேயே கிடக்கிறது. உளி கீறினால்தான் வெளியே வரும். அதன் மேலிருக்கும் புரதங்களில் ஒன்று, ரப்பர் நீட்சிக் காரணி என்று 1989இல் விவரிக்கப்பட்டது, சங்கிலி நீள்வதோடு தொடர்புடையது. அது பட்டறைக் கருவி. அதற்கு முகவரி எழுத வேலையில்லை.

அதே புரதத்தை மனித உடல் வேறு விதமாகப் படிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. 1980களின் பிற்பகுதியில் எய்ட்ஸ் அச்சத்தால் மருத்துவமனைகளில் கையுறைப் பயன்பாடு பல மடங்கு பெருகியது. மலேசியத் தொழிற்சாலைகளுக்கு அது பொற்காலம். கூடவே ரப்பர் ஒவ்வாமை கிளம்பியது. குழந்தைப் பருவத்திலிருந்தே பல அறுவைச் சிகிச்சைகளுக்கு உட்பட்ட, பிறவியில் முதுகெலும்பு பிளவுபட்ட பிள்ளைகளிடம் அது அதிகம் தென்பட்டது. அவர்கள் உடல் முக்கியமாக எதிர்த்தவை ரப்பர் துகளின் மேலிருக்கும் இரண்டு புரதங்கள். ஹெவ் பி 1, ஹெவ் பி 3 என்று ஒவ்வாமைப் பட்டியலில் அவற்றுக்குப் பெயர். முதலாவது, மேலே சொன்ன அந்த ரப்பர் நீட்சிக் காரணியேதான். எல்டிஎல்லின் புரதம் நம்மை வீட்டுக்கு வரவேற்கச் செய்கிறது, ரப்பரின் புரதம் காவலாளியை எழுப்புகிறது. இரண்டும் கொழுப்பு உருண்டையின் மேலாடைகளே.

இனி அட்ரீனல் சுரப்பிக்கு வருவோம். சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அது நாலைந்து கிராம் எடைதான். ஆனால் கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டீரோனும் அங்கே உற்பத்தியாகின்றன. இரண்டுக்கும் மூலப்பொருள் கொலஸ்ட்ரால். அதனால் ஒரு கிராம் திசுவுக்கு எவ்வளவு எல்டிஎல் ஏற்பி என்று கணக்கிட்டால் அட்ரீனல் முன்வரிசையில் நிற்கிறது. மொத்த அளவில் கல்லீரல்தான் அதிகம் விழுங்குகிறது. ஆனால் அது பெரிய உறுப்பு. படம் பிடிக்க விரும்புகிறவருக்குச் சின்ன இடத்தில் செறிந்து கூடுவதே வசதி.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியலாளர் ரேமண்ட் கவுன்செலும் அணு மருத்துவர் வில்லியம் பயர்வால்ட்டஸும் இதைப் பயன்படுத்தினார்கள். கொலஸ்ட்ராலில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அயோடின்-131 வைத்தார்கள். 1971இல் உயிருள்ள மனிதரின் அட்ரீனல் சுரப்பியைக் கதிர்வீச்சுப் படமாகக் காட்டிய கட்டுரை வெளிவந்தது. சில ஆண்டுகளில் அதைவிட நல்ல ஒரு பொருள் கிடைத்தது, என்பி-59 என்று பெயர் பெற்றது. இதில் அழகு என்னவென்றால், நோயாளியின் இரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிரித்தெடுத்து அதில் ஏற்றும் வேலையே இல்லை. கொஞ்சமாகக் கரைத்து நரம்பில் மெதுவாக ஊசி போட்டால் போதும். பொருள் கொலஸ்ட்ராலைப் போலவே இருப்பதால், இரத்தத்தில் ஓடும் எல்டிஎல் அதைத் தன் சரக்கோடு சரக்காக ஏற்றிக்கொள்கிறது. அட்ரீனல் அதைக் கொலஸ்ட்ரால் என்று நம்பி உள்ளே விடுகிறது. பிறகு எஸ்டராக்கிச் சேமித்துக்கொள்கிறது, ஹார்மோனாக மாற்ற மட்டும் முடிவதில்லை. அதனால் கதிரியக்கம் அங்கேயே தங்குகிறது. மூன்று நான்கு நாள் கழித்து, இரத்தத்திலும் கல்லீரலிலும் இருந்தது வடிந்த பிறகு படம் எடுக்கிறார்கள். அயோடின்-131இன் அரை ஆயுள் எட்டு நாள் என்பதால் இந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகிறது. பிரிந்துபோகும் அயோடின் தைராய்டுக்குப் போய்விடக் கூடாது என்று முன்கூட்டியே சாதாரண அயோடின் குடிக்கக் கொடுத்து அந்தக் கதவை அடைக்கிறார்கள்.

இந்தப் பரிசோதனையின் நுட்பமான பயன் ஆல்டோஸ்டீரோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டியைத் தேடுவதில். இரத்த அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்படாத சிலருக்கு அதுவே காரணமாக இருக்கும். இயல்பான அட்ரீனலில் எல்டிஎல் ஏற்பியைக் கூட்டுவது மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் ஏசிடிஎச். டெக்சாமெத்தசோன் மாத்திரை கொடுத்தால் ஏசிடிஎச் அடங்கும், இயல்பான சுரப்பியும் எல்டிஎல் வாங்குவதைக் குறைக்கும். கட்டி மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் வாங்கிக்கொண்டிருக்கும். படத்தில் எந்தப் பக்கம் முன்கூட்டியே ஒளிர்கிறதோ அந்தப் பக்கம் சந்தேகத்துக்குரியது. உருவத்தைக் காட்டும் சிடி ஸ்கேன் சொல்லாத செய்தி இது. எந்தச் செல் பசியோடிருக்கிறது என்பதைத் துகள் சொல்லிவிடுகிறது.

1982இல் கவுன்செலும் அவருடைய சகா போலாண்டும் எல்டிஎல் போன்ற லைப்போபுரதங்களை உறுப்புக்கு உறுப்பு மருந்தும் தடங்காட்டியும் கொண்டுசெல்லும் வாகனமாகப் பார்க்கலாம் என்று ஒரு விரிவான கட்டுரை எழுதினார்கள். அந்த யோசனையில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, என்பி-59போலச் சரக்கறைக்குள், அதாவது எண்ணெய் நடுப்பகுதியில், தடங்காட்டியை வைப்பது. மற்றொன்று, வெளிப்புரதத்தில் கட்டுவது. இரண்டாவதே முதலில் பழக்கத்தில் இருந்தது. 1958இல் மக்ஃபர்லேன் சொன்ன அயோடின் மோனோகுளோரைடு முறையில், புரதத்தின் டைரோசின் பகுதிகளில் கதிரியக்க அயோடினைப் பொருத்திவிடலாம். ஆனால் துகளைச் செல் விழுங்கியதும் லைசோசோம் புரதத்தை உடைக்கும், அயோடின் கட்டிய டைரோசின் செல்லைவிட்டு ஒழுகிவிடும். உறுப்பு எவ்வளவு விழுங்கியது என்று அளக்க முடியாமல் தடம் மறையும். அதற்காக 1980களின் தொடக்கத்தில் பிட்மன் குழுவினர் டைரமைன் செல்லோபயோஸ் என்ற, லைசோசோமால் உடைக்க முடியாத சர்க்கரை இணைப்பைக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை செல்லுக்குள் சிக்கிக்கொள்ளும், அயோடினும் அதோடு சிக்கும்.

1985இல் லீஸ் குழுவினர் டெக்னீசியம்-99எம் ஏற்றிய எல்டிஎல்லைத் தயாரித்தார்கள். அணு மருத்துவத்தில் அன்றாடம் புழங்கும் ஐசோடோப் அது. ஆறு மணி நேர அரை ஆயுள், கேமராவுக்கு ஏற்ற 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர். செல்லுக்குள் போனதும் ஒழுகாமல் தங்கவும் செய்கிறது. அடுத்த ஆண்டு இதைக் கொண்டு அட்ரீனலைப் படம் பிடித்துக் காட்டினார்கள். கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்புத் திட்டுகளை இப்படிக் காண முடியுமா என்ற ஆசையும் பலருக்கு இருந்தது. மாரடைப்பு வருமுன் எச்சரிக்கக் கூடிய படம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது.

ஆசைக்கும் நடைமுறைக்கும் இடையில் இரண்டு முட்டுக்கட்டைகள். முதலாவது நேரம். மனித இரத்தத்தில் ஒரு எல்டிஎல் துகள் சராசரியாக இரண்டரை மூன்று நாள் சுற்றிக்கொண்டிருக்கும். டெக்னீசியமோ ஆறு மணி நேரத்தில் பாதியாகும், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்காகும். துகள் இலக்கை அடைந்து, இரத்தம் தெளிந்து, பின்னணி மங்குவதற்குள் ஒளி அணைந்துவிடும். கல்லீரல் ஏற்பியில் குறை உள்ளவர்களிடம் துகள் இன்னும் நீண்ட நேரம் சுற்றும், படமும் அந்த அளவுக்குக் கெடும். இரண்டாவது, முகவரியே அழிந்துவிடும் ஆபத்து. அப்போபி-யின் லைசின்களை வேதிப்பொருளால் மாற்றினால் எல்டிஎல் ஏற்பி அதை அறியாது. அசெட்டைல் செய்யப்பட்ட எல்டிஎல்லைப் பெருவிழுங்கி செல்களின் வேறொரு ஏற்பி ஆவலோடு பிடித்துக்கொள்ளும் என்று 1979இல் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் காட்டினார்கள். தடங்காட்டி பொருத்தும் கை கொஞ்சம் கனத்தால் துகள் அட்ரீனலை விட்டுவிட்டுக் கல்லீரலின் துப்புரவுச் செல்களுக்குப் போய்ச் சேரும். ஆய்வுக்கூடத்தில் அழகாக வந்த படம் ஏன் அடுத்த கூடத்தில் வரவில்லை என்ற சண்டைகளில் பாதிக்கு இது காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். எலியை நம்பியதும் குழப்பத்தைக் கூட்டியது. எலியின் அட்ரீனல் கொலஸ்ட்ராலை, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல்லிடமிருந்தே அதிகம் வாங்குகிறது. எலியில் பார்த்ததை மனிதருக்கு அப்படியே மாற்ற முடியாது.

இந்த இடத்தில் ஈப்போ வாசகருக்கு ஒரு சங்கடம் எழலாம். இந்த வட்டாரத்தில் கதிரியக்கம் என்ற சொல்லுக்கு மருத்துவமனை நினைவுக்கு வருவதில்லை, புக்கிட் மேராதான் வருகிறது. பாங்கியில் ஆராய்ச்சி அணு உலை இயங்கத் தொடங்கிய அதே 1982இல், லகாட்டுக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலையும் வேலையைத் தொடங்கியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஒதுக்கிய அமாங் மணலிலிருந்து அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுத்தது. மிச்சமானது தோரியம் கலந்த கழிவு. அதைப் பாப்பானில் கொட்டவிருந்தபோது 1984இல் மக்கள் எதிர்த்தார்கள். 1985இல் எட்டுக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஈப்போ உயர் நீதிமன்றம் 1992 ஜூலை 11 அன்று ஆலையை நிறுத்தச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 1993 டிசம்பரில் அதை மாற்றியது. அடுத்த மாதமே நிறுவனம் தானாக மூடிக்கொண்டது.

தோரியம்-232இன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. டெக்னீசியம்-99எம்முக்கு ஆறு மணி நேரம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால் வரும் பயம் நியாயமானதே, ஆனால் அளவு புரிந்த பயமாக இருப்பது நல்லது. தோரியத்தையே உறுப்புக்கு அனுப்பிப் படம் பிடித்த வரலாறும் மருத்துவத்துக்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. தோரோட்ராஸ்ட் என்ற தோரியம் டைஆக்சைடு கூழ்மத்தை 1930கள் தொட்டு 1950கள் வரை எக்ஸ்ரே படத்துக்காக நரம்பில் ஏற்றினார்கள். அதன் மேல் எந்த ஏற்பிக்கும் உரிய அடையாளம் இல்லை. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையின் துப்புரவுச் செல்கள் அதை அழுக்கு என்று கருதி விழுங்கின. விழுங்கியதை வெளியேற்றத் தெரியவில்லை. அது ஆயுள் முழுதும் அங்கேயே கிடந்து ஆல்பா கதிரை வீசியது. இருபது, முப்பது ஆண்டு கழித்துப் பலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. உறுப்பை அடைவதில் அது தோற்கவில்லை. வெளியேறும் வழி இல்லாததே கொன்றது. எல்டிஎல் வாகனத்தை நான் மதிப்பதற்கு முதல் காரணம் அது சரியான வீட்டுக்குப் போவது என்றால், போன இடத்தில் செரிக்கப்பட்டுவிடுவது இரண்டாவது. இரண்டாவதே பெரிது என்று இப்போது தோன்றுகிறது.

எல்டிஎல்லைப் பிரித்து ஏற்றும் முறை மருத்துவமனை வழக்கமாக ஆகவில்லை. ஒவ்வொரு நோயாளியின் இரத்தத்தையும் எடுத்து, அதிவேகச் சுழற்சியில் மணிக்கணக்காகப் பிரித்து, கிருமியில்லாமல் தயாரித்துத் திருப்பிச் செலுத்துவது ஒரு நகரத்து ஆய்வுக்கூடத்துக்கே சுமை. என்பி-59 போன்றவை சில இடங்களில் குறைந்த அளவில் வழங்கின. அண்மைக்காலத்தில் முயற்சி எச்டிஎல் பக்கம் திரும்பியிருக்கிறது. மூன்று நாளுக்குச் சற்று மேல் அரை ஆயுள் உள்ள சிர்கோனியம்-89ஐ எச்டிஎல் வடிவத் துகளில் ஏற்றி, கட்டிகளுக்குள் கூடும் பெருவிழுங்கி செல்களை பெட் கருவியில் காட்டிய ஆய்வு 2015இல் வந்தது. துகள் சுற்றும் நேரத்துக்கும் அணு ஒளிரும் நேரத்துக்கும் இங்கே ஓரளவு பொருத்தம் வந்துவிட்டது.

ஆனால் ரப்பர் துகளோடு ஒப்பிட மிகப் பொருத்தமானது கவுன்செல் பின்னாளில் வைக்கெர்ட் முதலிய சகாக்களோடு செய்த வேலை. கிளிசராலில் அயோடின் நிறைந்த வளையங்களைக் கோத்துச் செயற்கைக் கொழுப்பு செய்தார்கள். அதைப் பாஸ்போலிப்பிட் படலத்தோடு மிகச் சிறிய எண்ணெய்த் துளிகளாக்கினார்கள். அந்தத் துளிகளுக்குப் புரதமே கிடையாது. அந்த வகையில் அவை ரப்பர் துகளைவிட வெறுமையானவை. இரத்தத்துக்குள் போனதும், அங்கே ஏற்கெனவே ஓடும் அப்போஇ என்ற புரதத்தை அவை மேலே ஏற்றிக்கொண்டன. கல்லீரல் செல்கள் அவற்றை உணவுக்குப் பின் வரும் கைலோமைக்ரான் மிச்சம் என்று எண்ணி உள்ளே எடுத்தன. துப்புரவுச் செல்களுக்குப் போகவில்லை. கட்டியவர் முகவரி எழுதவில்லை, இரத்தமே எழுதிக்கொடுத்தது.

அப்படியானால் ரப்பர் துகளுக்கும் இரத்தம் முகவரி எழுதாதா? அளவு முதல் தடை. கல்லீரலின் நுண்குழாய்ச் சுவரிலுள்ள துளைகள் நூறு முதல் நூற்றைம்பது நானோமீட்டர் போலத்தான் இருக்கும். ஒரு மைக்ரோமீட்டர் துகள் நுழையாது. சிறிய ரப்பர் துகள்கள் நுழையக் கூடும். ஆனால் அவற்றின் மேற்பரப்பை ஏற்கெனவே மரத்தின் புரதங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. இந்தத் தடைகளைத் தாண்டி ஒரு துகள் உள்ளே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். செயற்கைக் கொழுப்பை வெட்ட லிப்பேஸ் உண்டு, எல்டிஎல்லின் கொலஸ்ட்ரால் எஸ்டரை வெட்ட லைசோசோமில் அதற்கென ஒரு நொதி உண்டு. பாலிஐசோப்ரீன் சங்கிலியை வெட்டும் நொதி மனித உடலில் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசஸ், கோர்டோனியா போன்ற மண் பாக்டீரியாக்கள் சிலவற்றிடம்தான் அது இருக்கிறது. அவையும் கட்டி ரப்பரைத் தின்று முடிக்க வாரக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.